மூன்றடி தூரத்துத் தீர்ப்பு

28 மில்லிமீட்டர் உயரமுள்ள ஈயச் சிப்பாய்க்குக் கருவிழி வரைய வேண்டுமா? மேசைப் போர் விளையாட்டுக்காகப் பொம்மைப் படை சேர்த்து வண்ணம் பூசுகிறவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தச் சச்சரவு எழும். வெளியாளுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இந்தக் கைவேலையை எந்த அளவுகோலால் அளப்பது என்ற வழக்கு முழுவதும் அந்தக் கரும்புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. வரைய வேண்டும் என்பவர் பொம்மையைக் கையில் ஏந்திப் பார்க்கிறார். வேண்டாம் என்பவர் அதை மேசையில் நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சராசரி உயரமுள்ள ஆள் 28 மி.மீ. பொம்மையாகும்போது ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறான். மேசையோரம் நிற்கும் ஆட்டக்காரரின் கண்ணுக்கும் பொம்மைக்கும் இடையே சுமார் மூன்றடி, அதாவது 90 செ.மீ. அறுபதால் பெருக்கினால் 54 மீட்டர். தெருமுனையில் நிற்கும் நண்பனை நாம் நடையை வைத்து, தோளின் சரிவை வைத்து, சட்டையின் நிறத்தை வைத்து அறிகிறோம். கருவிழியை வைத்து யாரும் அறிந்ததில்லை. நல்ல பார்வை உள்ளவருக்கும் மூன்றடியில் கால் மில்லிமீட்டருக்குள் நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். கருவிழியை அறுபதில் ஒரு பங்காக்கினால் 0.2 மி.மீ. ஐம்பது மீட்டரில் கண் இருக்கும் இடம் புருவத்துக்குக் கீழே ஒரு நிழலாகத் தெரியும். அந்த நிழலை அடர்பழுப்பில் ஒரு கோடாக இழுத்துவிட்டால் சிப்பாய் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். வெள்ளையும் கருப்புமாக விழி வைத்தால், பெரும்பாலும் பேயறைந்தவன்போல் முழிப்பான்.

இதனால் உள்ளதை உள்ளபடியே சுருக்கிப் பூசு என்று சொல்லிவிட முடியாது. அறை வெளிச்சம் நாலு பக்கமும் சிதறி விழுகிறது. ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள துணி மடிப்பில் தானாக விழும் நிழல் போதாது. நிழலை இருட்டாக்கியும் ஒளியை ஏற்றியும் மிகைப்படுத்தினால்தான் உருவம் எழும். கூத்து வேடக்காரரின் முகப்பூச்சைப் பக்கத்தில் நின்று பார்த்தால் முரடாக இருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுதான் முகம். தூரத்துக்காகச் செய்யும் மிகை ஒன்று, கிட்டப் பார்வைக்காகச் செய்யும் நுணுக்கம் வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் இந்தக் கலையின் கடந்த நாற்பது ஆண்டுக் கதை என்பது என் வாதம்.

குழப்பம் கேமராவோடு வந்தது. 1975-இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்‌ஷாப், 1977 முதல் ‘ஒயிட் டுவார்ஃப்’ இதழை நடத்திவருகிறது. அதன் சிட்டாடல் பொம்மைகளும் 1983-இல் வந்த வார்ஹாம்மர் ஆட்டமும் பரவியபோது, இதழின் வண்ணப் பக்கங்களில் பொம்மைகள் தம் உண்மை அளவைவிடப் பெரிதாக அச்சாகின. நிறுவனத்தின் சொந்த ஓவியர் குழுவுக்கு ‘எவி மெட்டல்’ என்று பெயர். 1987-இல் கோல்டன் டீமன் என்ற வண்ணப்பூச்சுப் போட்டியும் தொடங்கியது. அதுவரை எதிரே நிற்கும் ஆட்டக்காரரின் கண்ணுக்காகப் பூசிய பொம்மை, அதன்பின் லென்ஸுக்காகப் பூசப்பட்டது. கைப்பேசி வந்தபின் கேட்கவே வேண்டாம்: இரண்டு விரலால் விரித்துப் பார்த்தே தீர்ப்பு சொல்கிறார்கள்.

எவி மெட்டல் பாணியின் உயிர், விளிம்பு ஒளி. கவசத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் இளநிறத்தில் மயிரிழைக் கோடு, அதன் முனைகளில் இன்னும் வெளிறிய கோடு. இதைக் கேலி செய்வது எளிது. எந்த உலோகமும் இப்படி எல்லா விளிம்பிலும் ஒரே சமயத்தில் மின்னுவதில்லை. ஆனால் நியாயமாக எடை போட்டால் இதன் பக்கம் இரண்டு வலுவான சாட்சிகள் உண்டு. கால் மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டின் அகலத்தைக் கண் அளக்க முடியாவிட்டாலும், அதன் வெளிச்சத்தைக் கண் இழப்பதில்லை. மூன்றடியில் கோடு மறைந்து கவசத்தின் வடிவம் மட்டும் துலங்கும். அடுத்து, கவசமணிந்த விண்வெளி வீரர்களான ஸ்பேஸ் மரீன் போன்ற உருவங்கள் பெரும்பாலும் வழவழப்பான பெரிய தகடுகளால் ஆனவை. மடிப்பில்லாத பரப்பில் நிழல் தேங்க இடமில்லை. விளிம்பைத் தவிர ஓவியருக்கு வேறு பிடிமானம் கிடையாது. அந்தச் சிற்பத்துக்கு இந்தப் பூச்சு பிறந்தே ஆக வேண்டியிருந்தது.

ஆகவே முதல் இரண்டு கோடுகளை ஏற்கிறேன். அதற்கு மேல் வருபவை வேறு கணக்கு. ஐந்தாவது நிறச்சாயல், காகிதச் சுருளில் படிக்க முடியாத எழுத்து, கண்ணாடி வில்லையில் பிறைபோல் ஓர் ஒளித்துளி: இவை மேசைக்குச் சென்று சேர்வதே இல்லை. நூறு பேர் கொண்ட படைக்கு ஆளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 500 மணி நேரம். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்க முடிந்த மனிதருக்கு இது இரண்டு ஆண்டு வேலை. அதற்குள் ஆட்டத்தின் விதிப்புத்தகமே மாறிவிடும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கசப்பு. அலமாரியில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே தூசி படியும் படைகளில் பாதிக்குக் காரணம் சோம்பல் என்கிறார்கள்; தவறான அளவுகோல் என்கிறேன் நான்.

நெப்போலியன் காலப் படைகளைச் சேர்ப்பவர்கள் நடுவே இதற்கு நேரெதிரான ஒரு பாணி வளர்ந்தது. கருப்பு அடிப்பூச்சு, அதன்மேல் ஒவ்வொரு நிறமும் மூன்று படியில், அதாவது அடர்ந்தது, நடுத்தரம், வெளிறியது. கலக்கவோ குழைக்கவோ தேவையில்லை. படிகளுக்கிடையே எல்லைக்கோடு அப்பட்டமாகத் தெரியலாம். ஓவியர் கெவின் டாலிமோர் இந்த முறையால் புகழ்பெற்றார். ஃபவுண்ட்ரி நிறுவனம் தன் பெயிண்டுகளையே மூன்று மூன்றாகத்தான் விற்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் பட்டை பட்டையாக, சிறுவர் படக்கதைபோல் இருக்கும். மேசையில் வைத்துவிட்டு நிமிருங்கள். மூன்று பட்டைகளும் கண்ணுக்குள் ஒன்றாகக் குழைந்து நீலச் சட்டை நீலச் சட்டையாகிறது. சட்டைக்கும் வார்ப்பட்டைக்கும் நடுவே விட்ட கருப்புக் கோடு, இருபத்து நாலு பேர் தோளோடு தோள் நிற்கும்போதும் ஒவ்வொருவரையும் பிரித்துக் காட்டுகிறது. குழைக்கும் வேலையைக் கையிடமிருந்து வாங்கிப் பார்ப்பவர் கண்ணிடம் கொடுத்துவிட்ட முறை இது. குதிரையின் வழவழப்பான உடம்பில் மட்டும் தோற்றுப்போகிறது. அங்கே பட்டைகள் வரிக்குதிரையை நினைவூட்டும். நிழற்படத்தில் எடுபடாது என்பதுதான் இதற்கு உரிய மதிப்புக் கிடைக்காததற்குக் காரணம். அதையே இதன் தகுதிச் சான்றாக நான் எடுத்துக்கொள்வேன்.

குறுக்கு வழிகளின் வரலாறும் சுவையானது. மரச்சாமானுக்குப் பூசும் பழுப்புச் சாயம் கலந்த வார்னிஷில் பொம்மையை அப்படியே முக்கி எடுத்து உதறுவது ஒரு காலத்து உத்தி. சாயம் பள்ளங்களில் தேங்கி நிழலாகும். தச்சுக்கடைச் சரக்கால் ஒரு படையே ஒரு வாரத்தில் முடியும். ஓவியர்கள் முகம் சுளித்தார்கள், ஆட்டக்காரர்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். பிறகு ஆர்மி பெயின்டர் நிறுவனம் அதையே பொம்மைக்கென்று டப்பாவில் அடைத்து விற்றது. 2019-இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பே கான்ட்ராஸ்ட் என்ற பெயிண்டைக் கொண்டுவந்தது. வெளிறிய அடிப்பூச்சின்மேல் ஒரே பூச்சு. மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் அடர்ந்தும் தானே பிரிந்து நிற்கும். நாற்பது மணி நேர நுணுக்கத்தை இத்தனை ஆண்டு விளம்பரப்படுத்திய நிறுவனம், நாற்பது நிமிட வழியைத் தானே விற்க முன்வந்தது ஒருவகை ஒப்புதல் வாக்குமூலம்.

கான்ட்ராஸ்டின் தரம் ஓவியர் கையில் பாதி, சிற்பி கையில் மீதி. மயிர், தோல், துணி மடிப்பு, எலும்பு ஆகியவற்றில் அது வியக்க வைக்கும். தட்டையான பரப்பில் தேங்கித் திட்டுத் திட்டாகக் காயும். டாங்கியின் பக்கத் தகட்டில் பூசினால் தேநீர் கொட்டிய மேசைவிரிப்புதான். இந்தக் குறையைச் சரிக்கட்ட ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தது, முதலில் கருப்படித்து, அதன்மேல் சாம்பலும் வெள்ளையும் உலர்ந்த பிரஷால் தேய்த்து, ஒளிநிழல் முழுவதையும் நிறமில்லாமலே முடித்துவிட்டு, கடைசியில் கண்ணாடிபோன்ற நிறத்தை ஏற்றும் வழி. ஸ்லாப் சாப் என்று ஏதோ வெங்காயம் நறுக்கும் கருவியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். உண்மையில் ஐரோப்பிய எண்ணெய் ஓவியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாண்ட சாம்பல் அடியோவிய முறைதான் இது. பட்டறையின் மாட்சிமை போய்ச் சமையலறையின் வேகம் வந்திருக்கிறது, அவ்வளவே. மூன்றடிச் சோதனையில் இது நன்றாகவே தேறுகிறது. ஒரே குறை, எல்லோருடைய படையும் ஒரே சாயலில் இருப்பது. மூன்றுபடி முறையில் பூசியவரின் கை தெரியும். இதில் பாட்டிலின் கை தெரியும்.

ஜான் பிளான்ஷின் வழி இவை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கிறது. நீண்டகாலம் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் கலை இயக்குநராக இருந்த அவர், தன் சொந்தப் பொம்மைகளில் நிறுவனத்தின் பளபளப்பைப் பின்பற்றவில்லை. துருவும் செம்மண்ணும் பழைய ரத்தமும் கலந்த நிறங்கள்; பல பெட்டிகளிலிருந்து வெட்டி ஒட்டிய உறுப்புகள்; சுத்தமான கோடு ஒன்றுகூட இருக்காது. அவரைப் பின்பற்றியவர்கள் இன்று ஒரு பெருங்கூட்டம். தனி உருவமாக எடுத்தால் இந்தக் கலையில் ஓவியம் என்ற சொல்லுக்கு மிக அருகில் வருபவை இவையே. ஆனால் இரண்டு படைகள் மோதும் மேசையில் எல்லாமே பழுப்பாகி, யார் எவர் பக்கம், எவன் கையில் என்ன ஆயுதம் என்று தேட வேண்டியிருக்கிறது. ஆட்டத்துக்குத் தெளிவு முக்கியம். அந்தக் கணக்கில் இது தோற்கிறது. இன்னொரு கணக்கில் மற்ற எல்லோரையும் வெல்கிறது: உருவத்தையும் அது நிற்கும் மண்ணையும் ஒரே பொருளாக நினைத்தவர்கள் இவர்கள் மட்டுமே. அந்த மண்ணுக்குத்தான் இனி வரவேண்டும்.

நிலவமைப்பைப் பொம்மையின் பின்னணி என்று நினைப்பவர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் மன்னருக்குக் காட்டிய போர்விளையாட்டு, துண்டு துண்டாக மாற்றி அடுக்கக்கூடிய நிலம் கொண்ட ஒரு மேசை. அதில் படைகள் வெறும் கட்டைகள்தான். ஆடப்பட்டது நிலம். எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலிலும் அப்படியே. கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கி மேடாக்கி, தரையில் சாக்பீஸால் ஆறு கீறி, பலகையில் துளையிட்டுக் குச்சிகளை நட்டுக் காடாக்கினார். பொம்மைகள் கடையில் வாங்கியவை, பூச்சும் கடைப் பூச்சு. தன் கற்பனையை அவர் செலவிட்டது முழுவதும் நாட்டைச் செய்வதில்.

நிலவமைப்பில் யதார்த்தம் என்பது பொம்மையில் இருப்பதைவிடப் பெரிய பொய். வார்ஹாம்மரின் விண்வெளி வடிவமான வார்ஹாம்மர் 40,000 ஆட்டத்தில் சாதாரணத் துப்பாக்கி 24 அங்குலம் சுடும். பொம்மையின் அளவுக்கு விரித்தால் அது 36 மீட்டர். கல்லெறியும் தூரத்தைத் தாண்டி அதிகமில்லை. ஆக, நிலம் ஓர் அளவிலும் மனிதன் வேறோர் அளவிலும் சுருங்கியிருக்கிறார்கள். மேசையில் ஒரு வீடு நின்றால் அது ஓர் ஊர். ஆறு மரம் நின்றால் அது காடு. இதை ஒப்புக்கொண்டு செய்யும் நிலம் நன்றாக ஆடும். ஒவ்வொரு ஓட்டையும் எண்ணி அடுக்கும் நிலம் கண்ணுக்கு விருந்தாகி, ஆட்டத்துக்குத் தடையாகும்.

யதார்த்தத்தின் எல்லையைப் பார்க்க விரும்புவோர் லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் வில்லியம் சைபோர்ன் செய்த வாட்டர்லூ மாதிரியைப் பார்க்கலாம். 1830-இல் பணியை ஏற்ற அந்த அதிகாரி, போர் நடந்த இடத்திலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரிட்டவர்களுக்குக் கடிதம் எழுதி எந்த நேரத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார். 1838-இல் சுமார் 75,000 சின்னஞ்சிறு உருவங்களோடு அதைக் காட்சிக்கு வைத்தார். அப்படிப்பட்டவரே நிலத்தின் ஏற்ற இறக்கத்தை உயரவாக்கில் கூட்டித்தான் காட்ட வேண்டியிருந்தது. சரியாகச் சுருக்கியிருந்தால் களம் தட்டையாகத் தெரிந்திருக்கும். பிரஷ்யப் படையை எங்கே நிறுத்துவது என்பதில் அப்போரின் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தரப்போடு மூண்ட தகராறில் பாவம் மனிதர் படாத பாடு பட்டார், அது தனிக்கதை. நம் வழக்குக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மாதிரி 1815 ஜூன் 18 மாலை ஏழு மணி சுமாருக்கு உறைந்து நிற்கிறது. நடந்து முடிந்த ஒரு கணத்துக்காகச் செய்த நிலம் அது. ஆட்டமேசையோ இன்னும் நடக்காத எல்லாக் கணங்களுக்கும் இடம் விட்டு வைக்க வேண்டும். சைபோர்னை வியக்கிறேன், அவரை முன்மாதிரியாகக் கொள்கிறவர்களைக் கண்டால் பயப்படுகிறேன்.

சரிவான குன்று ஓர் எடுத்துக்காட்டு. கண்ணுக்கு இயற்கையான சரிவு, ஈயப் பொம்மைக்குச் சறுக்குமரம். கேம்ஸ் ஒர்க்‌ஷாப் ‘ரெல்ம் ஆஃப் பேட்டில்’ என்ற பெயரில் விற்ற பிளாஸ்டிக் பலகைகளில் குன்றுகள் அழகாக உருண்டு எழுந்தன. அதன்மேல் நிறுத்திய படை மெதுவாக அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. படிக்கட்டுபோல் வெட்டிய பழைய தெர்மாகோல் குன்று எந்த நாட்டிலும் இல்லாத வடிவம், ஆனால் அதில் சிப்பாய் நிற்பான், உயரம் எவ்வளவு என்ற சண்டையும் வராது. அகற்றக்கூடிய மரங்களும் அப்படித்தான்: எல்லை தெரியும்படி ஒரு பச்சைத் துணி, அதன்மேல் தனித்தனி அடித்தட்டில் மரங்கள், படை உள்ளே வந்தால் மரத்தை எடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளலாம். வெல்ஸின் குச்சிகள் இன்னும் காலாவதியாகவில்லை.

விதிப்புத்தகமும் தச்சரின் கையைப் பிடித்து இழுக்கும். 2008-இல் வந்த 40,000 ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, பொம்மையின் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்து, தெரிந்தால் சுடலாம் என்றது. அதோடு ஒவ்வொரு சன்னலும் ஓட்டையும் வழக்குப் பொருளாயிற்று. முழங்காலிட்ட பொம்மைக்குக்கூடச் சந்தேகக் கண். 2020-இன் ஒன்பதாம் பதிப்பு இதைத் திருத்தி, ஐந்து அங்குலத்துக்கு உயர்ந்த சில இடிபாடுகளுக்குப் பின்னே இருப்பது சன்னல் வழியே தெரிந்தாலும் தெரியாததாகவே கொள்ளப்படும் என்றது. நிலத்தை மறுபடி குறியீடாக்கிய நல்ல முடிவு. விளைவு என்னவோ, போட்டி மேசைகள் எல்லாம் எல் எழுத்து வடிவ இடிசுவர்களால் நிரம்பிவிட்டன. எல்லாக் கோளும் ஒரே ஊர், எல்லா ஊரும் ஒரே மூலை. அதே பதிப்பு, படைக்கு வண்ணம் பூசி வந்தால் நூற்றுக்குப் பத்து வெற்றிப்புள்ளி என்று விதித்தது. பொம்மைக்குப் பத்துப் புள்ளி கொடுத்தவர்கள் நிலத்துக்கு ஒரு புள்ளியும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மேசை பொதுச்சொத்து, அதனால் யாருடைய பெருமையும் இல்லை.

இவ்வளவுக்கும் நிலவமைப்பு மலிவானது. அழுத்தித் தயாரித்த நுரைப்பலகை, வெள்ளைப் பசை, ஆற்று மணல், அடர்பழுப்பு எமல்ஷன், அதன்மேல் உலர்பிரஷில் இரண்டு இளநிறம். மேலே கொஞ்சம் புல்தூள். நேரே ஸ்பிரே அடித்தால் நுரை கரைந்து பள்ளமாகும், முதலில் பசைபூசி மூட வேண்டும், அதுதான் பெரிய ரகசியம். 1980-களில் ‘ஒயிட் டுவார்ஃப்’ டியோடரன்ட் டப்பாவிலிருந்து மிதவை டாங்கி செய்யக் கற்றுக்கொடுத்ததை மூத்த ஆட்டக்காரர்கள் இன்றும் பாசத்தோடு பேசுவார்கள். லேசரில் வெட்டிய மரப்பலகைக் கட்டடங்களும் முப்பரிமாண அச்சில் வந்த கோட்டைகளும் இன்று கிடைக்கின்றன. குறையொன்றும் இல்லை, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கண் மட்டும் அவற்றோடு பெட்டியில் வருவதில்லை.

எனவே என் தீர்ப்பு. படைக்கு மூன்றுபடிப் பூச்சு. தகடு மிகுந்த உருவங்களுக்கு விளிம்பில் இரண்டு கோடு, மூன்றாவது வேண்டாம். மயிரும் துணியும் மிகுந்தவற்றுக்குக் கான்ட்ராஸ்ட், வெட்கமில்லாமல். போட்டிக்கூடத்து ஓவியம் தனிக்கலை, அதை அதன் விதிகளால் மதிப்போம், மேசைக்கு அதை வாத்தியாராக வைக்க வேண்டாம். ஒரு பொம்மைக்கு மிச்சமிருக்கும் கடைசி ஒரு மணி நேரத்தை முகத்தில் செலவிடாமல் அடித்தட்டில் செலவிட வேண்டும். மேசையின் மண் நிறம் அடித்தட்டில் தொடர்ந்தால் நூறு தனிப்பொம்மைகள் ஒரு களமாகின்றன.

இந்த இடத்தில் ஒரு பழைய கேலிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1990-களில் வார்ஹாம்மர் பொம்மைகளின் அடித்தட்டை எல்லோரும் கோப்ளின் கிரீன் என்ற கண்ணைப் பறிக்கும் பச்சையில்தான் பூசினார்கள். பாலைவனப் படைக்கும் அதே பச்சை, பனிநாட்டுப் படைக்கும் அதே பச்சை. இன்று அந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் மேசைப் பலகைக்கும் அதே பச்சைதான் அடித்தார்கள் என்பதைச் சிரிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பச்சைப் பலகையில் அந்தப் பச்சைத் தட்டை வைத்ததும் தட்டு மறைந்துபோகும். சிப்பாய் மட்டும் நிற்பான்.